ஐநூறு ரூபாய் ரசீது

மாண்புமிகு ஒன்றிய சட்ட அமைச்சர் அவர்களுக்கு,

நான் 31 வருடமாக வக்கீல் குமாஸ்தா. ஊராருக்கு மனு எழுதியே பிழைத்தவன். என் மனுவுக்குத்தான் பதில் இல்லை. போன வருடம் அனுப்பியது மேசை மேசையாகச் சுற்றி, எந்த ஸ்டேஷனைப் பற்றி எழுதினேனோ அங்கேயே ‘தக்க நடவடிக்கைக்காக’ வந்து சேர்ந்தது. ஆகவே இனி ஊரறிய.

2009, தேர்த் திருவிழா. டீக்கடையில் தள்ளுமுள்ளு, ஒருவனுக்கு உதடு கிழிந்தது. எங்கள் தெருப் பையன் மேல் இ.பி.கோ. 323-ல் காயப்படுத்திய வழக்கு. அன்று அவனுக்கு 18 வயதும் மூன்று மாதமும். “ஒத்துக்கிட்டு ஃபைன் கட்டிடு தம்பி, இன்னையோட முடிஞ்சுது” என்று கோர்ட் வராந்தாவில் சொன்னது நான்தான். 500 ரூபாய். மத்தியானச் சாப்பாட்டுக்கு வீடு வந்துவிட்டோம்.

முடியவில்லை. போன மாதம் ஒரகடம் பக்கம் ஒரு தொழிற்சாலையில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்ட எடுத்தார்கள். போலீஸ் வெரிஃபிகேஷனில் ‘தண்டனை பெற்றவர்’ என்று வந்தது. பதினோராம் நாள் கேட்டுக்கு வெளியே. இப்போது அவனுக்கு 34 வயது, இரண்டு பெண் குழந்தைகள். நாலு மாதம் பிந்திப் பிறந்திருந்தால் சிறார் நீதிச் சட்டப்படி அந்தப் பதிவையே அழித்திருக்க வேண்டும். பெற்றவள் அவசரப்பட்டுவிட்டாள் போலிருக்கிறது.

உங்கள் சபைக்கு வேறு கணக்கு. இரண்டு வருடச் சிறைத்தண்டனை வாங்கிய அரசியல்வாதி, விடுதலையாகி ஆறு வருடம் கழிந்தால் மறுபடி தேர்தலில் நிற்கலாம். ஜெயித்தால் உங்கள் நாற்காலியிலேயே உட்காரலாம். ஃபோர்க்லிஃப்டில் உட்காரத்தான் எந்த வருடக் கணக்கும் கிடையாது.

வெள்ளைக்காரன் சட்டத்தை ஒழித்தோம் என்று 2024 ஜூலையில் பெருமை பேசினீர்கள். பழைய 323 இப்போது 115 ஆகிவிட்டது. இவன் காகிதத்தில் மட்டும் அது சாகவில்லை. அந்த வெள்ளைக்காரன் தன் ஊரில், சிறு தண்டனைகளைச் சில வருடம் கழித்துக் கணக்கில் சேர்க்காமல் விட 1974-லேயே சட்டம் போட்டுவிட்டான். உங்களுக்கு ஒரு மசோதா எழுத ஆளில்லையென்றால் சொல்லுங்கள், நான் டைப் அடித்துத் தருகிறேன். கூலி வேண்டாம்.

திங்கட்கிழமை இன்னொரு கம்பெனிக்குப் போகிறான். ‘தண்டனை உண்டா?’ என்ற கட்டத்தில் என்ன எழுதட்டும் மாமா என்று நேற்று ராத்திரி வந்து கேட்டான். இந்தத் தடவை நான் வாயைத் திறக்கவில்லை.

நீங்கள் சொல்லுங்கள், ஐயா.