அந்த மஞ்சள் விளக்கு



பொங்கலுக்குச் சொந்த ஊர் கிளம்பத் தயாராகிக்கொண்டிருப்பீர்கள். பின்சீட்டில் பிள்ளைகள், டிக்கி நிறையப் பைகள், நெரிசலுக்குப் பயந்து விடியும் முன்பே புறப்பாடு. அந்நேரம் பார்த்து மீட்டரில் ஒரு மஞ்சள் விளக்கு எரியும்: குதிரை லாடம் போன்ற வடிவம், நடுவில் ஆச்சரியக்குறி. டயரில் காற்று குறைந்திருக்கிறது என்று அர்த்தம். அவசரத்தில் பலர் உடனே தேடுவது ரீசெட் பட்டனை. தயவுசெய்து அதை முதலில் தொடாதீர்கள்.

சில கார்களில் ஒவ்வொரு சக்கரத்துக்குள்ளும் வால்வை ஒட்டி ஒரு சென்சார் இருக்கும். அது காற்றழுத்தத்தை நேரடியாக அளந்து சொல்லும். பல கார்களில் அது கிடையாது. காற்று இறங்கிய டயர் கொஞ்சம் சுருங்குவதால் மற்றவற்றைவிடச் சற்று வேகமாகச் சுழலும். அந்த வித்தியாசத்தை ஏபிஎஸ் சென்சார்களை வைத்தே கார் கண்டுபிடிக்கிறது. இந்த வகை காருக்கு எத்தனை பிஎஸ்ஐ சரி என்பது தெரியவே தெரியாது. ரீசெட் செய்யும்போது டயர்கள் எப்படி இருக்கின்றனவோ அதையே சரியென்று எடுத்துக்கொள்ளும். காற்றடிக்காமல் பட்டனை அழுத்தினால் விளக்கு அணைந்துவிடும், ஆபத்து அப்படியே இருக்கும்.

காற்று குறைந்த டயரின் பக்கச்சுவர் ஒவ்வொரு சுற்றிலும் அளவுக்கு மீறி வளைந்து நிமிர்கிறது. அதனால் சூடேறுகிறது. முழுப் பாரத்தோடு நான்குவழிச் சாலையில் மணிக்கணக்கில் ஓடினால் டயர் வெடிக்கலாம். அமெரிக்காவில் ஃபோர்ட் எக்ஸ்ப்ளோரர் கார்களின் ஃபயர்ஸ்டோன் டயர்கள் பிய்ந்து இருநூறுக்கும் மேற்பட்டோர் இறந்த பிறகுதான், 2000-ல் அங்கே சட்டம் வந்து இந்த விளக்கு கட்டாயமானது. உயிர்களைப் பறிகொடுத்துப் பெற்ற விளக்கு இது.

டிரைவர் கதவைத் திறந்தால் தூணில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். முன், பின் டயர்களுக்கு எவ்வளவு, ஆட்களும் சாமானும் நிறைந்தால் எவ்வளவு என்று அதில் போட்டிருக்கும். டயரின் பக்கவாட்டில் அச்சிட்டிருப்பது அது தாங்கும் உச்ச அளவு. அதுவரை அடிக்கக் கூடாது. வீட்டுக்குப் பக்கத்து பெட்ரோல் பங்கிலேயே, டயர் சூடாவதற்குள் காற்றுப் பிடியுங்கள். இலவசமாகக் காற்றடித்துத் தர வேண்டியது பங்கின் கடமை, கேட்கக் கூச்சப்பட வேண்டாம். நெடுந்தூரம் ஓடிய டயரில் அளவு கூடுதலாகத்தான் காட்டும்; அதைப் பார்த்துக் காற்றை இறக்கிவிடாதீர்கள். அடித்து முடித்த பிறகு ரீசெட் செய்யலாம். நேரடி சென்சார் உள்ள கார்களில் கொஞ்ச தூரம் ஓடியதும் விளக்கு பெரும்பாலும் தானாகவே அணைந்துவிடும்.

மார்கழிக் குளிரில் மட்டும் எரிந்து மதியம் அணைந்தாலும் அலட்சியம் வேண்டாம். வெப்பம் 10 டிகிரி குறைந்தால் அழுத்தம் ஒன்றரை பிஎஸ்ஐக்கு மேல் இறங்கும். அதற்கே விளக்கு எரிகிறதென்றால் டயர் ஏற்கெனவே எல்லையில் நிற்கிறது. காற்றடித்த சில நாளில் மறுபடி எரிந்தால் ஆணி ஏறியிருக்கலாம், பஞ்சர் கடைக்குப் போங்கள். வண்டியை எடுத்ததும் ஒரு நிமிடம் போல விட்டுவிட்டு மின்னி, பிறகு நிலைத்து எரிந்தால் கோளாறு டயரில் இல்லை, சென்சாரில். அதற்குள்ளிருக்கும் பேட்டரி சில வருடங்களில் தீர்ந்துபோகும், சர்வீஸில் காட்டுங்கள்.

ஸ்டெப்னியிலும் காற்றைப் பார்த்துவிடுங்கள். பெரும்பாலான கார்களில் அதற்குச் சென்சார் கிடையாது.