போர்ட் லூயிஸில் ஒரு பகல்

இப்போதெல்லாம் நம் சங்கத்துக் குடும்பங்களில் பலர் கப்பல் சுற்றுலா போய் வருகிறார்கள். உழைத்த காசில் உலகம் பார்ப்பதில் தவறே இல்லை. ஆனால் கப்பல் ஒரு தீவில் நிற்கும் அந்த ஒரு பகலை நாம் எப்படிச் செலவழிக்கிறோம் என்பதில்தான் எனக்குக் கொஞ்சம் மனக்குறை.

மகன் குடும்பத்தோடு நானும் அப்படி ஒரு பயணம் போயிருந்தேன். மொரீஷியஸ் தலைநகர் போர்ட் லூயிஸில் எங்களுக்குக் கிடைத்தது எட்டு மணி நேரம். உடன் வந்தவர்களில் பாதிப்பேர் கடற்கரைக்குப் போகும் பேருந்தில் ஏறினார்கள். மீதிப்பேர் துறைமுகத்தை ஒட்டிய கோடான் கடைவீதியோடு நின்றுவிட்டார்கள். அங்கே விற்பவற்றில் பெரும்பாலானவை தில்லியிலேயே கிடைக்கும்.

கோடானிலிருந்து நடந்து போகும் தூரத்தில் 'ஆப்ரவாசி காட்' இருக்கிறது. 1834 முதல் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகக் கொண்டுவரப்பட்ட இந்தியர்கள் கரையேறிய இடம். ஏறத்தாழ ஐந்து லட்சம் பேர் என்கிறது கணக்கு. பீகார்ப் பக்கத்தவர்களே அதிகம். சென்னைத் துறைமுகத்தில் கப்பலேறிய தமிழர்களும் தெலுங்கர்களும் உண்டு. அவர்கள் மிதித்து ஏறிய 16 கல் படிகள் இன்னும் இருக்கின்றன. 2006இல் யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. இதற்கும் நூறு ஆண்டுகள் முன்னால், 1730களிலேயே, பிரெஞ்சு ஆளுநர் லாபூர்தொனே காலத்தில் புதுச்சேரியிலிருந்து தமிழ்க் கைவினைஞர்கள் அங்கே போயிருக்கிறார்கள்.

நிற்க. நான் சொல்ல வந்தது அடுத்துப் போன மத்தியச் சந்தையைப் பற்றி. நெற்றியில் குங்குமத்தோடு காய் விற்றுக்கொண்டிருந்த மூதாட்டி ஒருவரிடம் "வணக்கம் அம்மா" என்றேன். முகம் மலர "வணக்கம்" என்றார். அதற்கு மேல் தமிழ் வரவில்லை, கிரியோல்தான் பேசினார். ஐயோ பாவம், மொழியை இழந்துவிட்டார்களே என்று நினைத்தேன். அப்போது அவர் ஒரு காயை எடுத்துக் காட்டி "பிப்பங்காய்" என்றார். பார்த்தால் நம் பீர்க்கங்காய்! முருங்கைக்கீரையை 'முரூம்' என்றார். ரசத்துக்கும் அங்கே 'ரசோன்' என்றுதான் பெயராம்.

பக்கத்தில் நின்ற என் பேத்தி, "தாத்தா, யே தோ தோரி ஹை!" என்றாள்.

எனக்குச் சுருக்கென்றது. முன்னோர் ஊரை விட்டு எத்தனையோ தலைமுறை கடந்த பின்னும் அந்த அம்மாளுக்கு அது பீர்க்கங்காய். தில்லிக்கு வந்து இரண்டே தலைமுறையான என் வீட்டில் அது தோரி. யாரைப் பார்த்து யார் பரிதாபப்படுவது?

அந்நாட்டு ரூபாய் நோட்டில் தமிழ் எழுத்து இருக்கிறது. தமிழ் எண்ணும் இருக்கிறது. 1998இல் வந்த புதிய நோட்டில் தமிழை இந்திக்குக் கீழே இறக்கிவிட்டார்கள் என்று அங்குள்ள தமிழர்கள் கிளர்ந்தெழ, அந்த நோட்டுகளையே அரசு வங்கி திரும்பப் பெற்றது. தைப்பூசக் காவடிக்கு அங்கே நாடு முழுவதும் பொது விடுமுறை. பேச்சு போனாலும் பிடிப்பு போகவில்லை. உண்மையைச் சொன்னால், அந்த நோட்டில் இருந்த தமிழ் எண்ணை எனக்கே படிக்கத் தெரியவில்லை.

"விடுமுறையிலும் பாடமா?" என்று சிலர் கேட்கலாம். 1901இல் தென்னாப்பிரிக்காவிலிருந்து திரும்பும் வழியில் காந்தியடிகளின் கப்பல் இதே போர்ட் லூயிஸில் நீண்ட நாள் நின்றது. அவர் கப்பலிலேயே உட்கார்ந்திருக்கவில்லை. இறங்கி, அங்குள்ள மக்களின் நிலையை விசாரித்து அறிந்தார். நமக்கு அத்தனை நாள் வேண்டாம். அரைப் பகல் போதும். படிகளைப் பார்த்துவிட்டுச் சந்தைக்குப் போங்கள். அங்கிருந்து ஒரு டாக்சி பிடித்துக் கைலாசம் கோயில் எனப்படும் சொக்கலிங்கம் மீனாட்சி அம்மன் கோயிலுக்குப் போங்கள். கடற்கரைக்கு மாலையில் போகலாம். கூடவே பிள்ளைகளையும் அழைத்துப் போங்கள்.

கப்பலுக்குப் பணமில்லாதவர்களுக்கும் ஒன்று சொல்வேன். காய்கறிக்காரரிடம் 'தோரி' என்றே கேட்டு வாங்குங்கள். பை வீட்டு வாசலைத் தாண்டியதும் அது பீர்க்கங்காய் ஆகிவிட வேண்டும்.