டிக்கெட் எடுத்தவர்கள் பேசத்தான் செய்வார்கள்

ஒரு படம் வெளியான முதல் மூன்று நாட்களுக்கு இணையத்தில் யாரும் விமர்சனம் செய்யக் கூடாது. அதற்குத் தடை வேண்டும். 2024 டிசம்பரில் தமிழ்த் திரைப்பட நடப்புத் தயாரிப்பாளர்கள் சங்கம் சென்னை உயர் நீதிமன்றத்தில் கேட்டது இதுதான். அதற்குச் சில நாட்கள் முன்னால், திரையரங்க வளாகத்துக்குள் யூடியூப் சேனல்களை விடாதீர்கள், முதல் காட்சி பார்த்துவிட்டு வருகிறவர்களிடம் மைக்கை நீட்ட அனுமதிக்காதீர்கள் என்று தயாரிப்பாளர்கள் தரப்பு தியேட்டர் உரிமையாளர்களிடம் சொல்லியிருந்தது. ‘இந்தியன் 2’, ‘வேட்டையன்’, ‘கங்குவா’ ஆகிய மூன்று படங்களும் இத்தகைய பேச்சால் அடிபட்டன என்பது அவர்கள் குறை. நீதிமன்றம் இடைக்காலத் தடை தர மறுத்தது. ஆனால் வாதம் சாகவில்லை. பெரிய படம் ஒன்று படுத்தால் போதும், ஏதாவது ஒரு மேடையில் அது மறுபடியும் எழுந்துவிடுகிறது.

அந்த வாதத்தைத் திரிக்காமல் சொல்கிறேன். சினிமா தெரிந்தவர்கள் விமர்சிக்கட்டும். கேமரா, எடிட்டிங், திரைக்கதை என்று எதுவுமே தெரியாமல் பொழுதுபோக்க வந்தவர்கள், தியேட்டர் வாசலில் நின்று ‘மொக்கை’, ‘தலைவலி’ என்று ஒற்றை வார்த்தையில் தீர்ப்பு எழுதுகிறார்கள். நூற்றுக்கணக்கானோரின் உழைப்பும் கோடிக்கணக்கான பணமும் அந்த ஒரு வார்த்தையில் கரைந்து போகின்றன. ஆகவே சாதாரணப் பார்வையாளர் பிடித்தால் பார்க்கட்டும், பிடிக்காவிட்டால் சும்மா இருக்கட்டும்.

இதில் ஒரு வரிகூட நிற்காது. அதைக் காட்ட வெளியிலிருந்து சாட்சி தேட வேண்டியதில்லை. தயாரிப்பாளர்களின் நடவடிக்கையே போதும்.

2024 நவம்பர் 14 அன்று ‘கங்குவா’ வெளியானது. முதல் காட்சி முடிந்து வந்தவர்கள் வாசலில் சொன்னது என்ன? ‘ஒரே இரைச்சல்’, ‘காது வலிக்குது’. சொன்னவர்களில் எத்தனை பேருக்கு ஒலிக்கலவை என்றால் என்னவென்று தெரிந்திருக்கும்? அவர்களுக்குத் தெரிந்ததெல்லாம் தங்கள் காதுதான். அடுத்த ஓரிரு நாட்களில் படத்தின் தயாரிப்பாளரே, ஒலியளவை இரண்டு புள்ளி குறைத்து வைக்கும்படி தியேட்டர்காரர்களிடம் சொன்னதாகப் பேட்டி கொடுத்தார். ஆஸ்கர் விருது பெற்ற ஒலி வடிவமைப்பாளர் ரசூல் பூக்குட்டி, அதே இரைச்சலைப் பற்றித் தன் துறைக்காக வருந்தி எழுதினார். படத்தைக் காக்க வந்து, விமர்சகர்களைக் கடுமையாகச் சாடிய ஜோதிகாவும்கூட முதல் அரைமணி நேரம் எடுபடவில்லை, சத்தம் உறுத்துகிறது என்று அதே பதிவில் ஒப்புக்கொண்டார். பிறகு படத்திலிருந்து 12 நிமிடம் வெட்டப்பட்டது. ஒன்றும் தெரியாதவர் என்று நீங்கள் தள்ளிவைத்த ஆள் முதல் நாள் காலையில் சொன்ன குறையை, எல்லாம் தெரிந்த நீங்கள் அந்த வாரத்துக்குள்ளேயே சரிசெய்ய ஓடினீர்கள். அவர் பேசியது பிழை என்றால் ஏன் குறைத்தீர்கள், ஏன் வெட்டினீர்கள்?

‘இந்தியன் 2’ படத்திலும் இதுவே நடந்தது. நீளம் என்று ஜனங்கள் சொன்னார்கள். வெளியான ஒரு வாரத்துக்குள் 12 நிமிடம் போனது. பலரும் கொண்டாடிய ‘மெய்யழகன்’ படத்திலும் வெளியான பிறகு சுமார் 18 நிமிடம் கத்தரிக்கப்பட்டது. எனக்கு அந்த வெட்டில் உடன்பாடில்லை, அது தனிக்கதை. ஆனால் ஒன்று தெளிவு: பார்வையாளர் சொல்வதைத் திரைத்துறை முதல் மூன்று நாட்களில் காதுகொடுத்துக் கேட்கிறது, அதன்படி நடக்கிறது, அப்புறம் அதே மூன்று நாட்களுக்கு அவர் வாயைக் கட்டு என்று நீதிமன்றத்தில் நிற்கிறது.

ஏன் மூன்று நாள்? கலையைப் புரிந்துகொள்ள மூன்று நாள் ஆகும் என்பதாலா? கிடையாது. வெள்ளி, சனி, ஞாயிறு. பெரிய நடிகரின் படத்தைக் கிடைக்கிற திரைகளில் எல்லாம் ஒரே நாளில் இறக்கி, படம் எப்படி என்று ஊருக்குத் தெரிவதற்குள் போட்ட பணத்தை எடுத்துவிடுவதுதான் இன்றைய வியாபாரம். அந்த ஓப்பனிங் கணக்குக்கு ஒரே இடைஞ்சல், காலைக் காட்சி பார்த்தவர் மாலைக் காட்சிக்குப் போகிறவரிடம் பேசிவிடுவது. தடை கேட்பவர்கள் கலையைப் பாதுகாக்கவில்லை. விவரம் தெரியாமல் பணம் கட்டுகிற வாடிக்கையாளரைப் பாதுகாத்து வைத்துக்கொள்ளப் பார்க்கிறார்கள். இது பச்சையான சுயநலம். ‘உழைப்பு’, ‘வியர்வை’ என்ற சொற்களால் இதைப் போர்த்துவது, அந்த உழைப்பைக் கொடுத்த லைட்மேனுக்கும் தையல்காரருக்கும் செய்கிற அவமானம். படம் ஓடினாலும் ஓடாவிட்டாலும் அவர்கள் வாங்குவது அதே அன்றாடப் பேட்டாதான்.

வாசல் பேச்சு படத்தைக் கொல்கிறது என்றால், அதே 2024-இல் அதே வாசலில் அதே மைக்குகள் முன்னால் ‘மகாராஜா’ எப்படிப் பிழைத்தது? ‘வாழை’ எப்படி? ‘லப்பர் பந்து’ பெரிய நட்சத்திரம் யாரும் இல்லாமல் செப்டம்பரில் வந்தது. பார்த்தவர்கள் பார்க்காதவர்களைக் கையைப் பிடித்து இழுத்துப் போனதால் நாளுக்கு நாள் கூட்டம் கூடியது. ‘கங்குவா’வுக்கு இரண்டு வாரம் முன்னால் வந்த ‘அமரன்’ தீபாவளி முழுக்க அரங்கு நிறைந்து ஓடியது. அந்தப் படங்களைப் பற்றி வாசலில் பேசியவர்களுக்கும் எடிட்டிங் தெரியாதுதான். அப்போது அவர்களுடைய ‘செம’, ‘மாஸ்’, ‘ஃபேமிலியோட பாக்கலாம்’ எல்லாவற்றையும் வெட்டி ஒட்டி விளம்பரமாக்கினார்கள். ‘மக்களின் பேராதரவுடன்’ என்று போஸ்டர் அடித்தார்கள். பாராட்டும்போது அவர் மக்கள். குறை சொன்னால் அறிவிலி. இப்படி இரண்டு படி வைத்து அளப்பவர்களிடம் விமர்சன தர்மம் பற்றிப் பாடம் கேட்க எனக்குப் பொறுமை இல்லை.

தமிழ் சினிமாவின் திருப்பங்கள் பலவற்றைத் தந்ததே இந்தச் சாதாரண ஆள்தான். 1977-இல் ‘16 வயதினிலே’ படத்தை வாங்க விநியோகஸ்தர்கள் முன்வரவில்லை. தயாரிப்பாளர் எஸ்.ஏ. ராஜ்கண்ணு தானே வெளியிட வேண்டியிருந்தது. கோவணத்தோடு கமல்ஹாசன், ஸ்டுடியோவைத் தாண்டிய கிராமம்: இதையெல்லாம் யார் பார்ப்பார்கள் என்று கேட்டவர்கள் சினிமா தெரிந்தவர்கள். பார்த்துவிட்டுப் பக்கத்து வீட்டில் சொன்னவர்கள் சினிமா தெரியாதவர்கள். படம் வெள்ளிவிழா கண்டது. 1999 டிசம்பரில் ‘சேது’வின் கதியும் அப்படித்தான் இருந்தது. எத்தனையோ முறை போட்டுக் காட்டியும் வாங்க ஆளில்லை. ஒருவழியாக வெளியானபோதும் கிடைத்தது மிகச் சில தியேட்டர்கள். அந்தப் படத்தைத் தூக்கி நிறுத்தியது விளம்பரம் இல்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தவர்கள் டீக்கடையிலும் பஸ்ஸிலும் கல்லூரி மரத்தடியிலும் பேசிய பேச்சு. முதல் மூன்று நாள் வாயைக் கட்டியிருந்தால் நான்காவது நாள் ‘சேது’ அந்தத் தியேட்டரில் இருந்திருக்காது. வாய்ப்பேச்சுக்குத் தடை வந்தால் நட்சத்திரப் படங்கள் விளம்பரத்தில் பிழைத்துக்கொள்ளும். சாகப்போவது சின்னப் படங்கள்தான். தடை கேட்டுப் போகும் சங்கங்களில் சின்னத் தயாரிப்பாளர்களும் உறுப்பினர்களாக இருக்கிறார்கள். இதை அவர்கள் யோசித்தார்களா?

அடுத்து, பணம். சென்னையின் மல்டிபிளெக்ஸில் டிக்கெட் விலை குறைவில்லை. ஆன்லைனில் எடுத்தால் அதற்கென்று தனிக் கட்டணம். வண்டி நிறுத்தக் காசு. வெளிச் சாப்பாட்டைத் தடுக்கத் தியேட்டருக்கு உரிமை உண்டு என்று 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. குடிதண்ணீரை இலவசமாகக் கொடுக்க வேண்டும் என்றும் அதே தீர்ப்பு சொன்னது. எத்தனை தியேட்டரில் அந்தத் தண்ணீர்க் குழாய் கண்ணில் படுகிற இடத்தில் இருக்கிறது? நாலு பேர் கொண்ட வீடு ஆயிரம் ரூபாயைத் தொலைக்காமல் ஒரு ஞாயிற்றுக்கிழமைப் படம் பார்க்க முடியாது. பார்த்துப் பிடிக்காவிட்டால் திருப்பித் தர முடியாத சரக்கு இது. இன்டர்வெல்லில் எழுந்து வந்தால் பாதிப் பணம் தருகிறீர்களா? மாட்டீர்கள். அப்படியானால், ஏமாந்தவருக்கு மிச்சமிருக்கிற ஒரே நிவாரணம், அடுத்தவராவது ஏமாறாமல் இருக்கட்டும் என்று வாய்விட்டுச் சொல்வது. அதையும் கேட்கிறீர்கள்.

தொலைக்காட்சிப் பக்கம் வந்தால் இந்த மேட்டிமை இன்னும் அசிங்கமாகிறது. சீரியல் பார்க்கும் பெண்களுக்கு ரசனை கிடையாது, அவர்கள் அபிப்பிராயம் ஒரு பொருட்டா என்று மேடையில் பேசுகிறவர்கள் உண்டு. அந்தத் தொழில் முழுக்க நடப்பது அவர்களுடைய அபிப்பிராயத்தை வைத்துத்தான். தேர்ந்தெடுத்த வீடுகளில் மீட்டர் பொருத்தி, எந்த நிமிடத்தில் எந்தச் சேனலுக்கு மாறினார்கள் என்று அளந்து, வாராவாரம் வியாழக்கிழமை வருகிற எண்ணை வைத்துக் கதையைத் திருப்புகிறார்கள், பாத்திரங்களைச் சாகடிக்கிறார்கள், தொடரையே மூடுகிறார்கள். ரிமோட்டால் பேசினால் அது ‘டேட்டா’, மதிப்புள்ளது. வாயால் பேசினால் வெட்டிப் பேச்சா?

‘எதிர்நீச்சல்’ தொடரை எடுத்துக்கொள்ளுங்கள். 2022 பிப்ரவரியில் சன் டி.வி.யில் தொடங்கியது. படித்த பெண்களை மருமகள்களாகக் கொண்டுவந்து அடுப்படியில் அடைத்து வைக்கிற ஆதி குணசேகரனாக மாரிமுத்து நடித்தார். அந்த மனிதரைப் பற்றி வீட்டு வாசல்களிலும் ரேஷன் கடை வரிசையிலும் பெண்கள் பேசியதை நான் கேட்டிருக்கிறேன். ‘எங்க மாமனார் இப்படித்தான் செருப்பைத் தேடுவாரு’ என்றார் ஒருவர். ‘படிச்சு என்ன பிரயோசனம்னு எங்க வீட்லயும் சொன்னாங்க’ என்றார் இன்னொருவர். வாழ்க்கையையும் திரையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துச் சொன்ன கருத்துகள் அவை. 2023 செப்டம்பர் 8 அன்று மாரிமுத்து திடீரென்று இறந்தார். வேல ராமமூர்த்தி அந்தப் பாத்திரத்துக்கு வந்தார். நல்ல எழுத்தாளர், நல்ல நடிகர். ஆனாலும் அந்தப் பழைய ஆள் இல்லை என்று பெண்கள் சொன்னார்கள். ஏன் இல்லை என்றும் சொன்னார்கள்: முன்னவர் அதட்டும்போது அதில் ஒரு பயந்தாங்கொள்ளித்தனம் தெரியும், அதனால்தான் பார்க்க முடிந்தது என்று. நடிப்பு பற்றி இதைவிடக் கூர்மையாக ஒரு வரி எழுதியிருந்தால் எந்தத் தேர்ந்த விமர்சகரும் பெருமைப்படலாம்.

சாதாரணப் பார்வையாளர் கலையைக் கலையாகப் பார்க்காமல் தன் வாழ்க்கையை வைத்து அளக்கிறார் என்பது கடைசிக் குற்றச்சாட்டு. ஆம், அளக்கிறார். வேறு எதை வைத்து அளக்க வேண்டும்? ஆஸ்பத்திரிக் காட்சி பொய் என்று ஒரு நர்ஸுக்குத் தெரியும். 2016-இல் நுங்கம்பாக்கம் ரயில் நிலையத்தில் ஒரு இளம்பெண் வெட்டிக் கொல்லப்பட்டபோது, பிடிக்கவில்லை என்று சொன்ன பெண்ணின் பின்னாலேயே சுற்றுவதைக் காதல் என்று ஏன் காட்டிக்கொண்டே இருக்கிறீர்கள் என்று பெண்கள் உரக்கக் கேட்டார்கள். பல ஆண்டுகளாகத் திரைக்கதை தெரிந்தவர்கள் தங்களுக்குள் கேட்டுக்கொள்ளாத கேள்வி அது. கேட்டவர்கள், அந்த நடைமேடையில் தினமும் நின்று ரயில் பிடிக்கிறவர்கள்.

சட்டத்தின் பெயரால் வருகிறவர்களுக்கு அவர்கள் துறையின் வரலாற்றையே நினைவூட்ட வேண்டியிருக்கிறது. ‘ஒரே ஒரு கிராமத்திலே’ என்ற தமிழ்ப் படத்தின் தணிக்கைச் சான்றிதழைச் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தபோது, தயாரிப்பாளர் எஸ். ரங்கராஜன் உச்ச நீதிமன்றம் போனார். எதிர்ப்பு வரும், கலவரம் வரும் என்று பயந்து கருத்துச் சுதந்திரத்தை முடக்க முடியாது என்று 1989-இல் தீர்ப்பு வாங்கினார். இந்தியாவில் எந்தப் படத்துக்குத் தடை கேட்டாலும் இன்றுவரை சினிமாக்காரர்கள் கையில் எடுக்கும் கேடயம் அந்தத் தீர்ப்புதான். அது அரசியல் சாசனத்தின் 19-வது பிரிவிலிருந்து வந்தது. அதே பிரிவுதான் படம் பார்த்துவிட்டு ‘நல்லா இல்ல’ என்று சொல்கிறவருக்கும். உங்களுக்குப் பேச்சுரிமை, எங்களுக்கு மௌனம் என்று சாசனம் பிரித்துத் தரவில்லை.

நடிகையின் உடம்பைக் கேலி செய்கிறவர்கள், சாதியைச் சொல்லி இயக்குநரைத் திட்டுகிறவர்கள், படமே பார்க்காமல் வன்மம் கக்குகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் செய்வது குற்றம். அவதூறுக்குச் சட்டம் இருக்கிறது, புகார் கொடுங்கள், நானும் உங்கள் பக்கம் நிற்பேன். பணம் வாங்கிக்கொண்டு விமர்சிக்கும் கூட்டமும் இருக்கிறது. ஆனால் அந்தப் பணம் டிக்கெட் எடுத்தவரின் பையிலிருந்து போவதில்லை. சினிமாத் தொழிலுக்குள்ளிருந்துதான் போகிறது. அதை நிறுத்தும் அதிகாரமும் உங்கள் சங்கங்களுக்கு இருக்கிறது. முதலில் அதைச் செய்யுங்கள்.

வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். படம் முடிந்து வெளியே வரும்போது யாராவது மைக்கை நீட்டினால், அல்லது பக்கத்து வீட்டுக்காரர் எப்படி இருக்கிறது என்று கேட்டால், மனதில் பட்டதை அப்படியே சொல்லுங்கள். யாரையும் இழிவாகப் பேசாதீர்கள். அபிமான நடிகருக்காகப் பொய்யும் சொல்லாதீர்கள். பிடிக்கவில்லை என்றால் எந்த இடத்தில், எதனால் பிடிக்கவில்லை என்று சேர்த்துச் சொல்லுங்கள். நான்காவது நாள் வரை காத்திருக்காதீர்கள்.