வாயுவுக்கும் ஜாதியா?

மாட்டுச் சாணத்தைச் சம அளவு தண்ணீரில் கரைத்துக் காற்றுப் புகாத தொட்டியிலிட்டால், சில வாரங்களில் அடுப்பெரிக்கும் மீத்தேன் வாயு கிளம்புகிறது. உடனே இதைக் கோமாதாவின் மகிமை என்கிறார்கள். 1897-லேயே பம்பாய் மாதுங்கா குஷ்டரோக விடுதியில் மனித மலத்திலிருந்து இதே வாயுவை எடுத்து விளக்கெரித்தார்களே, அந்த மலத்திற்கும் தலபுராணம் பாடுவார்களா?

ராணிப்பேட்டைத் தோழர்களே! தோலிலிருந்து சுரண்டியெடுக்கும் சதையும் கொழுப்பும் அழுகினாலும் வருவது அதே மீத்தேன்தான். மேல்விஷாரத்தில் பரீட்சித்தும் பார்த்தாயிற்று. ஆனால், சாணத்தை மெழுகி வீட்டைச் சுத்தம் செய்கிறவன் தோல் ஷாப் ஆளைத் திண்ணையில் ஏற்ற யோசிக்கிறான்!

வீட்டில் பரீட்சை செய்யும் வாலிபர்கள் முதலில் வரும் வாயுவைப் பற்றவைக்காமல் வெளியே விட்டுவிட வேண்டும். காற்றுக் கலந்திருந்தால் வெடிக்கும். தண்ணீரிலேயே வண்டி ஓட்டுவதாகச் சொல்லுபவனை நம்பவேண்டாம். தண்ணீர் என்பது ஹைட்ரஜன் எரிந்து முடிந்த சாம்பல். அதைப் பிரிக்கச் செலவாகும் மின்சாரம், திரும்ப எரித்துக் கிடைப்பதைவிட அதிகம். 1996-ல் மூலிகை பெட்ரோலுக்கு வாயைப் பிளந்த தேசமல்லவா இது!

அழுகும் குழியில் மற்றொரு வாயுவும் உண்டு. முடி நீக்கச் சேர்க்கும் சல்பைடிலிருந்து வரும் ஹைட்ரஜன் சல்பைடு முதலில் அழுகிய முட்டையாய் நாறும். மிகுந்துவிட்டாலோ மூக்கு மரத்து நாற்றமே தெரியாது. “நாற்றமில்லை, இறங்கு” என்று சொல்லுவது ஆளைக் கொல்லுவதாகும். அப்படி இறங்கி மாண்டவர்களில் அக்கிரகாரத்தார் எத்தனை பேர்? கழிவுத்தொட்டியில் பாதுகாப்பின்றி ஆளை இறக்குவதை 2013-ஆம் வருஷத்துச் சட்டம் தடுத்திருக்கிறது. தோலை ஐரோப்பாவுக்கு அனுப்பிப் பணம் பண்ணும் முதலாளிகளுக்குச் சேறிறைக்க ஒரு பம்பு வாங்கவா பணமில்லை?