கோலைக் காப்பவன்

காரைக்காலில் அரசலாறு கடலோடு கலக்கும் இடத்தில் மாலை வேளையில் போய் நின்றால் கால்பந்து ஆட்டம் பார்க்கலாம். டிக்கெட்டு வேண்டியதில்லை. மணலில் இரண்டு செருப்புகளை வைத்துவிட்டால் அதுவே கோல். ஆனால் அந்தச் செருப்புகளுக்கு நடுவே யார் நிற்பது என்பதில்தான் தகராறு. எல்லாருக்கும் கோல் போட ஆசை. காக்க ஒருவருக்கும் ஆசையில்லை. கடைசியில் வயதில் சிறியவனையோ, ஓட முடியாதவனையோ அங்கே தள்ளிவிடுவார்கள்.

நாம் அங்கே போயிருந்த அன்று, அந்த இடம்தான் வேண்டுமென்று தானாகவே கேட்டு வாங்கிக் கொண்ட ஒரு பையனைக் கண்டோம். அருகில் நின்ற அவன் தகப்பனார் பெருமூச்சு விட்டார்.

"தினமும் இதே கதைதான், ஐயா! இவன் கோலைக் காத்துக்கொண்டே இருந்தால், நாளைக்குக் குடும்பத்தை யார் காப்பது?" என்றார்.

கேள்வி நியாயமானதே. அதற்குப் பதில் சொல்லக்கூடியவர் ஒருவர் நம் தேசத்தில் வாழ்ந்திருக்கிறார். அவர் பெயர் பீட்டர் தங்கராஜ்.

தங்கராஜ் 1935-ம் வருஷம் ஹைதராபாத்தில் பிறந்தவர். 1953-ல் பட்டாளத்தில் சேர்ந்து, மதராஸ் ரெஜிமெண்டைச் சேர்ந்த கோஷ்டியில் ஆடினார். ஆரம்பத்தில் அவரும் கோல் போடுகிற ஆசாமியாகத்தான் இருந்தார். பிறகுதான் காவல் ஸ்தானத்துக்கு வந்தார். ஆறடிக்கு மேற்பட்ட உயரமும் நீண்ட கைகளும் அங்கே பயன்பட்டன. அந்தக் கோஷ்டி 1955-லும் 1958-லும் டுராண்ட் கோப்பையை வென்றது. 1956-ல் மெல்போர்ன், 1960-ல் ரோமாபுரி என்று இரண்டு ஒலிம்பிக் பந்தயங்களுக்கு அவர் போய் வந்தார். பின்னர் கல்கத்தாவின் மூன்று பெரிய கிளப்புகளான முகமதன் ஸ்போர்ட்டிங், மோகன் பகான், ஈஸ்ட் பெங்கால் ஆகிய மூன்றுக்கும் காவல் நின்றார். 1967-ல் அர்ஜுனா விருது கிடைத்தது.

இந்தக் காவல் எப்படிப்பட்ட வேலை என்பதையும் சற்றுக் கவனிக்க வேண்டும். கோலின் அகலம் 24 அடி, உயரம் 8 அடி. எவ்வளவு நெட்டையான மனிதராயினும் கோட்டின்மேலேயே நின்றுகொண்டு இதை மறைத்துவிட முடியாது. ஆகவே பந்துடன் எதிரி நெருங்கும்போது அவனை நோக்கி முன்னே செல்ல வேண்டும். முன்னே செல்லச் செல்ல, எதிரியின் கண்ணுக்குக் கோல் சுருங்கிக்கொண்டே வரும். பயந்து பின்வாங்கினாலோ வாசல் முழுவதும் திறந்துவிடும். இதில் இன்னொரு சங்கடமும் உண்டு. முன்னே ஆடுகிறவன் பத்துத் தவறு செய்து ஒரு கோல் போட்டால் மாலை மரியாதை. காவலன் பத்துப் பந்தைத் தடுத்து ஒன்றைத் தவறவிட்டாலோ வசைதான்!

காரைக்கால்வாசிகளுக்கு இந்தக் கதையில் தனி உரிமை உண்டு. 1954-ம் வருஷம் நவம்பர் முதல் தேதி காரைக்கால் நிர்வாகம் இந்தியாவின் கைக்கு வந்தது. ஆனால் சட்டப்படி அது பிரான்ஸ் தேசத்தைச் சேர்ந்ததாகவே இன்னும் சில காலம் இருந்தது. அந்த இடைக்காலத்தில், 1960-ல், ரோமாபுரி ஒலிம்பிக்கில் இந்தியாவும் பிரான்ஸும் கால்பந்தில் மோதின. ஆட்டம் ஒன்றுக்கொன்று என்று சமமாக முடிந்தது. காரைக்காலின் வழக்குக்கு அன்று அதைவிடப் பொருத்தமான தீர்ப்பு இருந்திருக்க முடியாது!

1962 ஆகஸ்டு 16-ந் தேதி சட்டமும் வழிவிட்டது. சரியாகப் பத்தொன்பது நாள் கழித்து, செப்டம்பர் 4-ந் தேதி, ஜகார்த்தா நகரில் ஆசியப் பந்தயத்தின் இறுதி ஆட்டம். எதிரே தென் கொரியா. முதல் ஆட்டத்தில் நம்மை இரண்டு கோலில் தோற்கடித்த அதே கோஷ்டி. பந்தயங்களை ஒட்டி எழுந்த ஒரு ராஜீய விவகாரத்தால் ஜனங்கள் இந்தியாவின்மேல் கோபங்கொண்டு கூச்சலிட்டார்கள். உடல்நலக் குறைவால் தங்கராஜ் ஒதுங்கியிருந்தபோது பிரத்யுத் பர்மன் காவல் நின்றிருந்தார். இறுதி ஆட்டத்துக்குப் பயிற்சியாளர் ரஹீம் சாஹிப் தங்கராஜை மீண்டும் இறக்கினார். பானர்ஜி ஒரு கோல், ஜர்னைல் சிங் ஒரு கோல். ஆட்டம் முடியும் தறுவாயில் கொரியா ஒன்றைத் திருப்பியது. எஞ்சிய நிமிஷங்களில் இன்னொன்று நுழையவில்லை. தங்கப் பதக்கம் பாரதத்துக்கு வந்தது.

தகப்பனாரின் கேள்விக்கு இப்போது வருவோம். அந்நாளில் நம் தேசத்தில் பந்தாட்டம் மட்டுமே சோறு போட்டுவிடவில்லை. தங்கராஜுக்கு முதலில் கைகொடுத்தது பட்டாள உத்தியோகம். ஆட்டத்திலிருந்து ஓய்வு பெற்ற பிறகு பொகாரோ எஃகு நகரத்தில் வாழ்ந்து, 2008-ல் அங்கேயே காலமானார். கோடீசுவரர் ஆகவில்லை, ஆனால் கோலைக் காத்தவரைக் கோல் கைவிடவும் இல்லை. ஆகையால் பெற்றோருக்கு நாம் சொல்வது இதுதான்: படிப்பை விட வேண்டாம், பந்தையும் பிடுங்க வேண்டாம். தனியே நின்று பழி ஏற்கத் துணிந்த பிள்ளை எந்த உத்தியோகத்துக்கும் லாயக்கானவன்.

இவ்வளவையும் நாம் அவரிடம் சொல்ல வாயெடுப்பதற்குள், எதிர்க்கட்சிப் பையன் ஒருவன் பந்துடன் பாய்ந்து வந்தான். நம் பக்கத்திலிருந்து ஒரு குரல் கடலோசையையும் மீறிக் கிளம்பியது:

"முன்னே வாடா! பயப்படாமல் முன்னே வா!"

கத்தியவர் தகப்பனார்தான்.