தோற்றவர் பெயரை வாசிக்கும் இரவு

சென்ற ஞாயிற்றுக்கிழமை இரவு எங்கள் வீட்டில் ஒரு சின்னச் சண்டை. தொலைக்காட்சியில் சிறுவர்களுக்கான பாட்டுப் போட்டி. அன்று எலிமினேஷன் சுற்று. மேடையில் மூன்று குழந்தைகள் வரிசையாக நிற்கிறார்கள். விளக்குகளைக் குறைத்துவிட்டார்கள். இதயம் துடிப்பது போல ஒரு சத்தம் பின்னணியில். தொகுப்பாளர் கையில் ஓர் உறை. "இன்று நம்மிடமிருந்து விடைபெறப் போவது..." என்று இழுத்துவிட்டு, பெயரைச் சொல்லாமல், விளம்பர இடைவேளை.

நான் எழுந்து போய் அணைத்துவிட்டேன்.

"ஒரு பாட்டுக் கேட்கக்கூட விடமாட்டீங்களா?" என்றாள் மனைவி.

"பாட்டு முடிஞ்சு அரை மணி நேரமாச்சு. இப்ப நடக்கிறது பாட்டு இல்லை" என்றேன்.

அவள் மறுபேச்சுப் பேசவில்லை. ஆனால் அன்றிரவு நானேதான் சோறு போட்டுக்கொண்டேன்.

எழுபது வயது தாண்டியவன் தொலைக்காட்சியைத் திட்டுவது புதிய விஷயம் இல்லை என்பது எனக்கும் தெரியும். பாட்டுப் போட்டியை நான் திட்டவில்லை. போட்டியால் எத்தனையோ ஏழைப் பிள்ளைகளுக்கு வழி பிறந்திருக்கிறது. நான் சொல்வது அந்த ஓர் இரவைப் பற்றி மட்டும். அதிலும் குழந்தைகளை நிறுத்தி நடத்தும் அந்த இரவைப் பற்றி மட்டும்.

நான் படித்தது புதுச்சேரியில், பிரெஞ்சு வழியில். கொஞ்சம் லத்தீனும் தலையில் ஏற்றினார்கள். அதில் ஒட்டியிருக்கும் சில துணுக்குகளில் இந்த எலிமினேஷனும் ஒன்று. லத்தீனில் 'லிமென்' என்றால் வாசற்படி. அந்தப் படிக்கு வெளியே தள்ளுவதுதான் 'எலிமினாரே'. அந்தக் காலத்து ரோமாபுரியில் யாரை அப்படித் தள்ளினார்களோ தெரியாது. நம் ஊரில் வாசற்படி ஏறி வந்த குழந்தையை ஒரு வாய் தண்ணீர் கொடுக்காமல் அனுப்ப மாட்டோம். அந்தச் சொல்லை இன்று ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் சர்வசாதாரணமாகச் சொல்கிறார்கள். "அங்கிள், அவ எலிமினேட் ஆயிட்டா."

நம்மிடம் போட்டிகள் இல்லாமலா இருந்தன? மார்கழி மாதத்தில் கோயிலில் திருப்பாவை ஒப்புவிக்கும் போட்டி நடக்கும். நாற்பது குழந்தைகள் வரும். கடைசியில் முதல் பரிசு, இரண்டாம் பரிசு, மூன்றாம் பரிசு என்று மூன்று பெயரை வாசிப்பார்கள். மற்ற முப்பத்தேழு பேருக்கும் ஆறுதல் பரிசாக ஓர் எவர்சில்வர் கிண்ணம். முப்பத்தேழில் கடைசி யார் என்று எந்தக் குழந்தைக்கும் தெரியாது, அதன் அம்மாவுக்கும் தெரியாது. வென்றவர் பெயரை வாசிப்பது பழைய வழக்கம். தோற்றவர் பெயரை வாசிப்பது புது வழக்கம். என் புகார் முழுவதும் இந்த ஒரு வரியில் அடங்கிவிடும்.

புது வழக்கம் எங்கிருந்து வந்தது என்பதும் ரகசியமில்லை. 2001இல் இங்கிலாந்தில் 'பாப் ஐடல்', 2002இல் அமெரிக்காவில் 'அமெரிக்கன் ஐடல்', 2004இல் 'இந்தியன் ஐடல்', 2006இல் தமிழில் 'சூப்பர் சிங்கர்'. வாரம் ஒருவர் வெளியே போவார். முதலில் மேடையேறியவர்கள் வளர்ந்தவர்கள். பிறகு 'ஜூனியர்' வந்தது. ஆட்களின் வயதைக் குறைத்தார்கள். ஆட்டத்தின் விதியை மட்டும் அப்படியே வைத்துக்கொண்டார்கள்.

இதைப் பற்றிப் பேசினாலே நண்பர்கள் சொல்லும் முதல் பதில்: "தோல்வியைத் தாங்கப் பழக வேண்டாமா?"

வேண்டும்தான். நான் பழகியவன். எங்கள் வகுப்பில் மாதம் ஒருமுறை 'கிளாஸ்மான்' வாசிப்பார்கள். அதாவது, தர வரிசை. இருபத்துநான்கு பையன்களும் எழுந்து நிற்க வேண்டும். முசியே முதல் இடத்திலிருந்து பெயர் வாசிப்பார். பெயர் வந்தவன் உட்காரலாம். ஒரு மாதம் கணக்கில் நானும் இன்னொருவனும் மட்டும் நின்றுகொண்டிருந்தோம். பிறகு நான் மட்டும். அறுபது வருஷம் ஆகிறது. அந்த மாதம் என்ன பாடம் நடத்தினார்கள் என்பது மறந்துவிட்டது. எதிர்ச் சுவரிலிருந்த தேசப்படத்தின் கிழிந்த மூலை மட்டும் இன்னும் ஞாபகம் இருக்கிறது. அதையேதான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அது நல்ல வழக்கம் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் அதைப் பார்த்தவர்கள் இருபத்துமூன்று பேர். மறுநாள் முசியே கூப்பிட்டு எந்த இடத்தில் தப்பு என்று சிவப்பு மையால் சுழித்துக் காட்டினார். இன்று ஒரு குழந்தை அப்படி நிற்கும்போது பார்ப்பவர்கள் லட்சக்கணக்கானவர்கள். அதோடும் முடிவதில்லை. அந்த அழுகையை வெட்டி யூடியூபில் தனியாகப் போடுகிறார்கள். அந்தக் குழந்தைக்குக் கல்யாணம் பேசும்போதும் அது அங்கேயே இருக்கும்.

இரண்டாவது பதில்: "தோற்றவர்கள் பெரிய ஆளாக வரவில்லையா?" வந்தார்கள். ஜெனிஃபர் ஹட்சன் 2004இல் அமெரிக்கன் ஐடலில் ஏழாவது இடத்தோடு வெளியேறினார். 2007இல் ஆஸ்கர் வாங்கினார். அரிஜித் சிங் 2005இல் 'ஃபேம் குருகுல்' போட்டியில் வெல்லவில்லை. இன்று நாடே அவர் பாட்டைக் கேட்கிறது. மறுக்கவில்லை. ஆனால் வெளியேறும்போது ஹட்சனுக்கு 22 வயது, அரிஜித்துக்கு 18. என் கண் முன்னால் நிற்பது ஒன்பது வயது. தவிர, இந்த உதாரணங்கள் யார் பக்கம் பேசுகின்றன? இவ்வளவு பெரிய பாடகர்களை வெளியே அனுப்பிய தீர்ப்பு எவ்வளவு சரியான தீர்ப்பு என்பதைத்தானே அவை காட்டுகின்றன? போட்டி நடத்துகிறவர்களுக்கே அதில் நம்பிக்கை கிடையாது. இருந்தால் 'வைல்டு கார்டு' என்று சொல்லி, அழ வைத்து அனுப்பிய பிள்ளையை எதற்குத் திரும்பக் கூப்பிடுகிறார்கள்?

வாக்கெடுப்பு இருந்தால் கேட்கவே வேண்டாம். 2007 இந்தியன் ஐடலில் பிரசாந்த் தமாங் வென்றபோது டார்ஜிலிங் மலைப்பகுதியே அவருக்காகத் திரண்டது. ஊர்ப் பாசம், அதில் தப்பில்லை. ஆனால் ஊர்ப் பாசம் பாட்டுக்கு மதிப்பெண் இல்லையே. தோற்ற பெரியவருக்கு அந்தக் கணக்கு புரியும். தோற்ற குழந்தைக்குப் புரிவது ஒன்றுதான்: "நான் நல்லாப் பாடலை."

இனி எனக்கு நேரடியாகத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

என் தங்கையின் பேத்தி நன்றாகப் பாடுவாள். சில வருஷங்களுக்கு முன் ஒரு சிறிய தொலைக்காட்சி நடத்திய போட்டியில் சேர்ந்தாள். பெரிய நிறுவனம் இல்லை, பெயர் வேண்டாம். கல்யாண மண்டபம் ஒன்றில் படப்பிடிப்பு. காலை ஏழு மணிக்கு வரச் சொன்னார்கள். அவள் பாடியது இரவு ஒன்பதுக்கு மேல். முடிவு சொல்லும்போது பத்தேகால். அவள் பெயர் வந்தது.

குழந்தை கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு மேடையிலிருந்து இறங்கி ஓடிவந்து அம்மாவைக் கட்டிக்கொண்டு அழுதாள். அப்போது காதில் ஒலிவாங்கி மாட்டிய ஒரு பையன் வந்தான். மரியாதையாகத்தான் பேசினான். "சாரி மேடம், கேமரா அந்தப் பக்கம் இருந்துச்சு. பாப்பாவை மறுபடி மேடைக்கு அனுப்புங்க, இன்னொரு தடவை ஓடிவந்து கட்டிக்கட்டும்."

அனுப்பினோம். இரண்டாம் முறையும் அவள் ஓடிவந்தாள். இந்த முறை அழுகை வரவில்லை. அது போதாது என்று மூன்றாம் முறை.

அவளுடைய பையையும் தண்ணீர் பாட்டிலையும் மடியில் வைத்துக்கொண்டு இரண்டாம் வரிசையில் நான் உட்கார்ந்திருந்தேன். முப்பது வருஷத்துக்கு மேல் அரசு உத்தியோகம் பார்த்தவன். விதி தெரிந்தவன். எழுந்து, "போதும், குழந்தையை விடுங்கள்" என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. எல்லோரும் சும்மா இருந்தார்கள், நானும் இருந்தேன். இந்தக் கட்டுரையின் கோபத்தில் பாதி என் மேல்தான்.

விதி என்று சொன்னேன். குழந்தைத் தொழிலாளர் சட்டத்தை 2016இல் திருத்தினார்கள், 2017இல் விதிகளையும் திருத்தினார்கள். பதினான்கு வயதுக்குட்பட்ட குழந்தைக் கலைஞர் ஒரு நாளில் ஐந்து மணி நேரத்துக்கு மேல் வேலை செய்யக் கூடாது. ஓய்வில்லாமல் மூன்று மணி நேரத்துக்கு மேல் கூடாது. படப்பிடிப்புக்கு மாவட்ட நிர்வாகத்தின் அனுமதி வேண்டும். வருமானத்தில் குறைந்தது இருபது சதவீதம் குழந்தையின் பெயரில் வைப்பு நிதியாகப் போக வேண்டும். குழந்தையின் விருப்பத்துக்கு மாறாக எதிலும் பங்கேற்கச் செய்யக் கூடாது.

கடைசி விதியை ஒருமுறை திரும்பப் படியுங்கள். பாடுவதற்குக் குழந்தை ஒப்புக்கொள்கிறது. அழுவதற்கு எந்தக் குழந்தை ஒப்புக்கொண்டது? மூன்று தடவை அழுவதற்கு?

நான் குமாஸ்தா. என் கையால் தட்டச்சு செய்த நிராகரிப்புக் கடிதங்களுக்குக் கணக்கே இல்லை. அரசாங்கத்தை எல்லோரும் இரக்கமற்றது என்பார்கள். ஆனால் அந்தக் கடிதம் எப்படி இருக்கும்? பெயருக்கு மூடிய உறையில் போகும். என்ன காரணத்தால் மறுக்கப்பட்டது என்று எழுதியிருக்கும். மேல்முறையீட்டுக்கு இடமிருந்தால் எத்தனை நாளுக்குள், யாரிடம் என்றும் இருக்கும். ஓர் ஏழைக் கிழவியின் உதவித்தொகை மனுவை மறுத்தால், அவளை மேடையில் நிறுத்தி, விளக்கைக் குறைத்து, ஊரைக் கூட்டி வாசித்ததில்லை. நடுவில் சோப்பு விளம்பரம் போட்டதுமில்லை. இந்த மரியாதையைக்கூட ஒரு குழந்தைக்குக் கொடுக்க முடியாதா?

"எலிமினேஷன் இல்லாவிட்டால் யார் பார்ப்பார்கள்?" என்பது மூன்றாவது பதில். 1990இல் பாரிஸ் பக்கத்தில் குடியேறிவிட்ட என் அண்ணன் வீட்டுக்குப் போயிருந்தேன். ஞாயிறு மத்தியானம் ஆனால் வீடே தொலைக்காட்சி முன் உட்காரும். ழாக் மர்த்தான் நடத்திய 'லெக்கோல் தெ ஃபான்' என்ற நிகழ்ச்சி. 1977இல் தொடங்கியது. நான்கு, ஐந்து வயசுப் பொடிசுகள், விருந்தினராக வந்த பாடகரின் பாட்டை அவர் எதிரிலேயே பாடும். பாதி வரி மறந்துபோகும். ஒன்று மேடையில் மூக்கை நோண்டும். பத்துக்கு இத்தனை என்று மதிப்பெண் போடுவதும் குழந்தைகள்தான். அநேகமாக எல்லோருக்கும் பத்து. எல்லோரும் வென்றார்கள், எல்லோருக்கும் பரிசு. அண்ணி சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொள்வார். அப்படி ஒரு நிகழ்ச்சி இருபது வருஷத்துக்கு மேல் ஓடியது. பார்க்க ஆள் இல்லாமலா?

எல்லோருக்கும் பத்து போடுங்கள் என்று நான் கேட்கவில்லை. அது நாலு வயசுக்குச் சரி, பத்து வயசுக்குச் சரிப்படாது. நல்ல குரலுக்கு முதல் பரிசு கிடைக்கத்தான் வேண்டும். நான் கேட்பது மூன்றே மூன்று. பழைய பழக்கத்தில் வரிசை எண் போட்டே எழுதுகிறேன்.

1. பதினான்கு வயதுக்குட்பட்டோர் போட்டியில், தேர்வான பிள்ளைகள் எல்லோரும் கடைசி வாரம் வரை பாடட்டும். மதிப்பெண்ணைக் கூட்டிக்கொண்டே வாருங்கள். கடைசி நாளில் மூன்று பெயரை வாசியுங்கள்.

2. செலவு அதிகம், ஆளைக் குறைத்தே ஆக வேண்டும் என்றால், முடிவை முதலில் பெற்றோரிடமும் குழந்தையிடமும் தனியறையில் சொல்லுங்கள். காரணத்தோடு சொல்லுங்கள். அந்த அறையில் கேமரா வேண்டாம்.

3. குழந்தை அழுதால் கேமராவை வேறு பக்கம் திருப்புங்கள். தெருவில் ஒரு குழந்தை விழுந்து அழுதால் நாம் தூக்குவோம். படம் எடுத்துக்கொண்டு நிற்க மாட்டோம்.

இதையெல்லாம் ஒரு கடிதமாக எழுதிப் போட்டியை நடத்தும் தொலைக்காட்சி ஒன்றுக்குப் பதிவுத் தபாலில் அனுப்பினேன். நான்கு மாதம் ஆகிறது. "தங்கள் யோசனை ஏற்கப்படவில்லை" என்று ஒரு வரிகூட இல்லை. நான் வேலை பார்த்த காலத்தில் அதற்குக்கூட விளக்கம் கேட்பார்கள்.

ஆகவே உங்களிடம் சொல்கிறேன். நம் கையில் இருப்பது ரிமோட் மட்டும்தான். பாடும்வரை பாருங்கள். கை தட்டுங்கள். உறையைக் கையில் எடுக்கும்போது அணைத்துவிடுங்கள். வீட்டில் சண்டை வரும், ஒரு வேளை நாமே சோறு போட்டுக்கொள்ள நேரும். பரவாயில்லை.

தங்கை பேத்தி இப்போது பத்தாம் வகுப்பு. போன பொங்கலுக்கு வந்திருந்தாள். "ஒரு பாட்டுப் பாடேன்மா" என்றேன். "தொண்டை சரியில்ல தாத்தா" என்றாள். அந்த மண்டபத்திலிருந்து திரும்பியதிலிருந்து ஒவ்வொரு பொங்கலுக்கும் அவளுக்குத் தொண்டை சரியில்லை.