கிரீடத்தின் பொன்னிறம்

நவராத்திரி நெருங்குகிறது. பரணிலிருந்து இறங்கும் பெட்டியில், பாட்டி காலத்து லட்சுமியின் கிரீடம் கறுத்திருக்கக் காண்போம். உடனே தங்கநிறப் பெயிண்டை வாங்கிப் பூசுவோரே மிகுதி. அது வேண்டாம் என்பது என் கருத்து. அவற்றுள் பலவற்றில் இருப்பது செம்பும் துத்தநாகமும் கலந்த தூள்; ஈரக்காற்றில் மீண்டும் கறுத்துவிடும். நுண்ணிய வேலைப்பாடும் ஒரே பளபளப்பில் மறைந்துபோகும்.

தஞ்சாவூர் ஓவியத்தில் மின்னுவது உண்மையான தங்க ரேக்கு. ரவிவர்மாவின் எண்ணெய் ஓவியங்களிலோ சாதாரண வண்ணங்களே நகையாய் ஒளிர்கின்றன. நகைக்கடன் மேசையில் பல ஆண்டுகள் அமர்ந்தவன் என்பதால் சொல்கிறேன்: உற்றுநோக்கினால் தங்கத்தில் மஞ்சளைவிடப் பழுப்பே அதிகம்.

ஆகவே, அக்ரிலிக் வண்ணத்தில் முதலில் கிரீடம் முழுதும் அடர்பழுப்பைப் பூசுங்கள். காய்ந்தபின், பள்ளங்களை விட்டு மேடுகளில் மட்டும் காவி கலந்த மஞ்சள். அதன்மேல், விளக்கொளி விழும் மேற்பக்கத்தில், வெள்ளை கலந்த எலுமிச்சை மஞ்சளால் மெல்லிய கோடு. இறுதியில் ஊசிமுனையளவு தூய வெள்ளைப் புள்ளிகள் இரண்டோ மூன்றோ. மிகுந்தால் அரிசி ஒட்டியதுபோல் தோன்றும். துணியில் நிழல் மெல்லப் படர்கிறது. மெருகேற்றிய உலோகத்திலோ இருளை ஒட்டியே ஒளி நிற்கும். எனவே வெள்ளைப் புள்ளி, பழுப்பின் விளிம்பிலேயே அமையட்டும். வெள்ளிக் குடத்துக்குக் கறுப்பு, நீலச் சாம்பல், வெள்ளை போதும்.

தூரிகையை எடுக்குமுன், பொம்மையின் பின்புற அடியில் ஈரப்பஞ்சால் மெல்ல ஒற்றிப் பாருங்கள். பழைய மண்பொம்மைகள் சில நீர்வண்ணம் பூசியவை. பஞ்சில் நிறம் ஒட்டினால், கறுத்த கிரீடத்தோடேயே அவளைப் படியேற்றிவிடுங்கள். ஈரம் கசிந்து முகத்தில் இறங்கினால், அந்தக் குயவர் எழுதிய கண்களை மீண்டும் யாராலும் எழுத இயலாது.